ஆஸ்பத்திரி பில்லிங்குக்கு எந்த மாடல்? இன்டர்வியூவில் வந்த கேள்வி

மூன்றாமாண்டு_ஐடி:

வணக்கம். சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் பேப்பரில் மென்பொருள் செய்யும் முறைகளை வாட்டர்ஃபால் (ஒரு கட்டத்தை முடித்த பிறகே அடுத்தது), ஸ்பைரல் (அபாயத்தைப் பார்த்துச் சுற்றுச் சுற்றாக), வி-மாடல் (ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே ஒரு சோதனை), அஜைல் (சின்னச் சின்னத் துண்டாகச் செய்து காட்டித் திருத்துவது) என்று வரிசையாகப் படம் போட்டு, கீழே நிறை குறை எழுதினால் பதினாறு மார்க் வந்துவிடுகிறது. சீனியர் ஒருவருக்கு கேம்பஸ் இன்டர்வியூவில் வேறு மாதிரி கேட்டிருக்கிறார்கள். "நூறு படுக்கை ஆஸ்பத்திரிக்கு பில்லிங் சிஸ்டம் செய்ய வேண்டும். எந்த மாடல்?" இவர் அஜைல் என்றிருக்கிறார். ஏன் என்றதற்கு, "ரிக்வயர்மென்ட் மாறிக்கொண்டே இருக்கும்" என்றிருக்கிறார். "சரி, எது மாறும்? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்" என்று அடுத்த கேள்வி. பதில் இல்லை.

எங்கள் நோட்ஸில், 1970-ல் ராய்ஸ் வாட்டர்ஃபாலை உருவாக்கினார், அது பழசு, அஜைல் புதுசு என்பதோடு கதை முடிகிறது. வேலையில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள். நிஜத்தில் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

கடைசி_பெஞ்ச்:

மேனேஜர் எதைச் சொல்கிறாரோ அதுதான் மாடல். அட்மின், இழையைப் பூட்டிவிடலாம்.

பழைய_மெயின்ஃப்ரேம்:

பூட்ட வேண்டாம், நல்ல கேள்வி.

தம்பி, உன் நோட்ஸில் இருக்கும் படத்தை வின்ஸ்டன் ராய்ஸ் வரைந்தது உண்மை. விண்கலத் திட்டங்களுக்கு மென்பொருள் எழுதும் வேலையில் பல வருடம் இருந்துவிட்டு, 1970-ல் வெஸ்கான் என்ற மின்னணுத் துறை மாநாட்டுக்கு ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். இணையத்தில் கிடைக்கிறது, ஒரு டீ குடிக்கிற நேரத்தில் படித்துவிடலாம். இரண்டாவது படத்தில் ஏழு பெட்டிகள் படிக்கட்டு மாதிரி இறங்கும்: சிஸ்டம் தேவை, மென்பொருள் தேவை, பகுப்பாய்வு, டிசைன், கோடிங், டெஸ்டிங், இயக்கம். படத்தைப் போட்ட கையோடு, இந்தக் கருத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு, ஆனால் இதை இப்படியே நடைமுறைப்படுத்தினால் ஆபத்து, தோல்வியைக் கூப்பிட்டு உட்கார வைப்பது போல என்ற பொருளில் எழுதுகிறார். நோட்ஸ் எழுதுகிறவர்கள் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அவர் சொல்லும் காரணத்தைக் கவனி. நேரம், நினைவகம், உள்ளீடு வெளியீடு இதெல்லாம் அதுவரை காகிதத்தில் கணக்குப் போட்டவை. டெஸ்டிங்கில்தான் முதல்முறையாக நிஜத்தில் எதிர்ப்படுகின்றன. அங்கே கணக்கு உதைத்தால் கோடில் ஒட்டுப் போட்டுச் சரிசெய்ய முடியாது. டிசைனையோ, தேவையையோ திறக்க வேண்டும். அப்படித் திறந்தால் காலமோ செலவோ இரட்டிப்பாகலாம் என்கிறார். அதற்கு அவர் சொல்லும் மருந்துகளில் ஒன்று, இரண்டு தடவை செய். 30 மாத வேலை என்றால் அதில் 10 மாதத்தை ஒரு முன்னோட்டப் பதிப்புக்கு ஒதுக்கு, அதில் அடிபடு, பிறகு நிஜமானதைக் கட்டு. இன்னொன்று, வாடிக்கையாளரை நடுநடுவே உள்ளே இழுத்துக் கையெழுத்துப் போட வை.

அப்புறம் எப்படி அந்தப் படம் மட்டும் சட்டம் ஆனது என்றால், பணம் கொடுக்கிறவர்களுக்கு அது பிடித்திருந்தது. 1985-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை டி.ஓ.டி-2167 என்ற தரத்தைக் கொண்டுவந்தது. இராணுவத்துக்கு மென்பொருள் செய்து கொடுக்க வேண்டுமா, இந்தக் கட்டத்தில் இந்த ஆவணம், இந்தக் கட்டத்தில் இந்த மீளாய்வு என்று அந்தப் படிக்கட்டின் சாயலில் ஒரு வரிசை. இரண்டே வருடத்தில், கணினி விஞ்ஞானி ஃப்ரெட் புரூக்ஸ் தலைமையில் அதே துறை அமைத்த குழு, இப்படி முழுத் தேவையையும் முதலிலேயே எழுதச் சொல்வது சரியல்ல, படிப்படியாக வளர்த்தெடுங்கள் என்று சொன்னது. 1994-ல்தான் அதற்கு வழிவிடும் புதிய தரம் வந்தது. அதற்குள் உலகம் முழுக்கப் பாடத்திட்டத்தில் படிக்கட்டு ஏறிவிட்டது.

செமிகோலன்:

ஐயா சொன்னதெல்லாம் சரி. ஆனால் இதைச் சொல்லிச் சொல்லியே ராய்ஸை அஜைலின் தாத்தா ஆக்கிவிட்டார்கள், அதுதான் எனக்கு ஒப்பவில்லை.

அதே கட்டுரையில் ஆவணம் பற்றிய பகுதியைப் பாருங்கள். 50 லட்சம் டாலருக்கு ஒரு ஹார்டுவேர் வாங்க 30 பக்க விவரக்குறிப்பு போதும், அதே விலைக்கு மென்பொருள் வாங்க 1500 பக்கம் வேண்டும் என்கிறார். ஆவணம் எழுதுவதில் ஈவு இரக்கமே காட்டக்கூடாது என்பதுதான் அவருடைய முதல் விதி. ஒரு ப்ராஜெக்ட் சிக்கலில் இருக்கிறது என்று அவரைக் கூப்பிட்டால் முதலில் ஆவணங்களைத்தான் பார்ப்பாராம். அவை மோசமாக இருந்தால் மேனேஜரை மாற்று என்பாராம். இவர் அஜைல் குழுக்களைப் போல, தினமும் நின்றபடி நடத்தும் ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் ஸ்டிக்கி நோட் ஒட்டுகிற ஆளா?

இரண்டு தடவை செய் என்றாரே தவிர இருபது தடவை என்று சொல்லவில்லை. தேவைகளைக் கடைசியில் கண்டுபிடிக்கலாம் என்றும் சொல்லவில்லை. கடைசியில் வந்து இடிக்கும் ஆச்சரியத்தை முன்னாலேயே வரவழை, அதற்குக் காசு செலவழி என்றார். தங்கச்சியோ தம்பியோ, நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் அதுதான். எந்த மாடலை எடுத்தாலும் நம் கணக்கு தப்பு என்பது எந்த மாதத்தில் தெரியவரும், அன்றைக்கு அதை மாற்ற என்ன விலை? இந்த இரண்டையும் கேட்டால் பெயர்களெல்லாம் தானாகப் பின்னுக்குப் போய்விடும்.

மூன்றாம்_ஷிஃப்ட்:

அக்கா, கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அதை டீம் கேட்கும் நேரத்துக்குள் விற்பனைப் பிரிவு பதில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கும். ஓ.எம்.ஆரில் பாதிக் கட்டிடங்களில் நடப்பது இதுதான்.

நான் இருந்த ஒரு ப்ராஜெக்ட். கிளையன்ட் வெளிநாட்டு வாகன இன்ஷூரன்ஸ் நிறுவனம். ஃபிக்ஸட் பிட், அதாவது விலை முன்பே முடிவானது. இரண்டு வாரத்தில் ஒரு துண்டு வேலையை முடிக்கும் ஸ்பிரின்ட், தினம் காலை ஸ்டாண்ட்-அப், ஜிரா என்ற வேலைப் பட்டியல் மென்பொருளில் வண்ண வண்ணக் கார்டு, அஜைல் நடைமுறையைக் கவனிக்கச் சான்றிதழ் வாங்கிய ஸ்க்ரம் மாஸ்டர், எல்லாம் இருந்தது. ஒப்பந்தத்தின் பின்னிணைப்பைப் பார்த்தால் எஸ்.ஆர்.எஸ் (தேவை ஆவணம்) சைன்-ஆஃப், டிசைன் சைன்-ஆஃப், யு.ஏ.டி (பயன்படுத்துபவர்கள் செய்யும் இறுதிச் சோதனை), கோ-லைவ் என்று அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு இன்வாய்ஸ். ராய்ஸின் படிக்கட்டில் பணப் பெட்டியை வைத்தது போல.

பாலிசி புதுப்பிக்கும் ஸ்க்ரீனை ஒரு டெமோவில் காட்டினோம். அன்றைக்கு அதிசயமாகக் கிளை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா அழைப்பில் இருந்தார். "போனில் கூப்பிடுகிறவர் யாரும் பாலிசி நம்பர் வைத்திருப்பதில்லை. வண்டி நம்பரைச் சொல்வார்கள், நாங்கள் அதை வைத்துத்தான் தேடுவோம்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். அழைப்பு முடிந்ததும் ஆன்சைட்டில், அதாவது கிளையன்ட் இடத்தில் இருக்கும் எங்கள் ஆள், "எஸ்.ஆர்.எஸ்-ல் பாலிசி நம்பர் தேடல் மட்டும்தான். இதைச் செய்தால் காசு யார் தருவார்கள்? சி.ஆர் போடச் சொல்லுங்கள்" என்றார். சி.ஆர், அதாவது மாற்றக் கோரிக்கை, அங்கே ஒரு கமிட்டிக்குப் போனது. அது வருவதற்குள், பயன்படாது என்று தெரிந்தே அந்த ஸ்க்ரீனைக் கட்டி முடித்தோம். டெஸ்ட் கேஸ் பாலிசி நம்பரைக் கேட்டது, ஸ்க்ரீனும் கேட்டது, பாஸ். யு.ஏ.டி-யில் அதே அம்மா அதே வார்த்தையைச் சொன்னார். அப்புறம்தான் சி.ஆருக்கு ஒப்புதல் வந்தது.

செமிகோலன் அக்கா கணக்குப்படி எங்களுக்குத் தப்பு சீக்கிரமாகவே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? மாற்ற அனுமதி இல்லாத இடத்தில் சீக்கிரம் தெரிந்துகொள்வது வயிற்றெரிச்சல்தான்.

தூங்கா_சர்வர்:

இந்த இழைக்குப் பொருத்தமான பெரிய உதாரணம் எஃப்.பி.ஐ-யின் சென்டினல். அரசுத் தணிக்கை அறிக்கைகள் பொதுவில் இருப்பதால் உள்ளே நடந்தது நமக்குத் தெரிகிறது.

வழக்குக் கோப்புகளைக் காகிதத்திலிருந்து கணினிக்கு மாற்ற வேண்டும். முதல் முயற்சி வர்ச்சுவல் கேஸ் ஃபைல். சுமார் 17 கோடி டாலர் செலவழித்து 2005-ல் கைவிட்டார்கள். அடுத்து 2006 மார்ச்சில் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்துக்கு சென்டினல் ஒப்பந்தம். நான்கு கட்டங்கள், 2009 டிசம்பரில் முடிய வேண்டும். முதல் கட்டம் 2007-ல் வந்தது. இரண்டாம் கட்டத்தில் இழுபறி. 2010 ஜூலையில் கட்டம் மூன்று, நான்கின் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வெளியிலிருந்து மதிப்பிட்ட மைட்டர் நிறுவனம், இதே போக்கில் போனால் இன்னும் 6 வருடம், குறைந்தது 35 கோடி டாலர் ஆகும் என்றது.

அதன்பின் எஃப்.பி.ஐ வேலையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. சுமார் 220 ஒப்பந்த ஊழியர்களை 40 ஆகக் குறைப்பது திட்டம். இருந்த தேவை ஆவணத்தை உடைத்து 670 ஸ்டோரிகளாக, அதாவது பயனருக்கு வேண்டிய சின்னச் சின்னத் தேவைகளாக எழுதினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரின்ட், முடிவில் ஓடுகிற மென்பொருளைக் காட்ட வேண்டும். 2012 ஜூலை 1-ம் தேதி ஊழியர்கள் அனைவருக்கும் திறந்துவிட்டார்கள்.

அஜைல் பயிற்சி நடத்துபவர்கள் கதையை இங்கே நிறுத்திவிடுவார்கள். இரண்டு விஷயம் விட்டுப்போகும். ஒன்று, அவர்கள் சொன்ன தேதி 2011 செப்டம்பர், அதுவும் தவறிப்போனது. 2011 அக்டோபரில் நாடு முழுக்க 743 பேரை உட்கார வைத்து ஒரு ஒத்திகை பார்த்தார்கள், சிஸ்டம் இரண்டு முறை விழுந்தது. காரணம் ஹார்டுவேர், அந்தச் சுமையை அது தாங்கவில்லை. ஸ்பிரின்ட் டெமோவில் நாலு பேர் பார்க்கும்போது இது தெரியாது. ராய்ஸ் பயந்தாரே, நேரமும் நினைவகமும் கடைசியில்தான் நிஜத்தில் எதிர்ப்படும் என்று, அதே கதைதான் 41 வருடம் கழித்தும். இரண்டு, அந்த 670 ஸ்டோரியும் வானத்திலிருந்து விழவில்லை. முந்தைய வருடங்களில் எழுதிய ஆவணம்தான் மூலம். அந்தக் காகிதம் இல்லாமல் இருந்திருந்தால் எத்தனை ஸ்பிரின்ட் அதற்கே போயிருக்குமோ.

மூன்றாம்_ஷிஃப்ட்:

முக்கியமான மூன்றாவதை விட்டுவிட்டீர்கள் ப்ரோ. முதலில் வேலையை வெளியிலிருந்து தங்கள் கைக்கு மாற்றினார்கள், அதன்பின்தான் முறை மாறியது. எதை முன்னால் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று அன்றன்றைக்குச் சொல்லும் ஆள் அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எங்கள் இன்ஷூரன்ஸ் அம்மா மாதிரி ஒருநாள் விருந்தாளி இல்லை.

பாலாற்றங்கரை:

மருத்துவக் கருவிகளுக்குள் ஓடும் மென்பொருளை, அதாவது ஃபர்ம்வேர் எழுதுகிறேன். எங்கள் துறையில் வி-மாடல்தான் சட்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மருத்துவக் கருவி மென்பொருளுக்கான ஐ.இ.சி 62304 என்ற சர்வதேசத் தரம் எந்த மாடலையும் கட்டாயப்படுத்தவில்லை. மென்பொருள் பிழைத்தால் நோயாளிக்கு என்ன ஆகும் என்பதைப் பொறுத்து ஏ, பி, சி என்று வகுப்பு பிரித்து, ஒவ்வொன்றுக்கும் என்னென்ன சான்று வேண்டும் என்று கேட்கிறது. அவ்வளவுதான். மருத்துவக் கருவி மென்பொருளை அஜைலில் செய்வதற்கான வழிகாட்டியே 2012-ல் வந்துவிட்டது.

ஆனால் சான்று என்பது சும்மா வராது. நோயாளிக்கு மருந்து ஏற்றும் ஒரு பம்ப்பில் குழாய் அடைத்தால் 30 விநாடியில் அலாரம் அடிக்க வேண்டும், அதை 20 ஆக்க வேண்டும் என்று வையுங்கள். கோடில் ஒரே எண். அந்த எண்ணைத் தொட்டதும் அபாயக் கோப்பில் அந்த வரி, தேவை ஆவணத்தில் அதன் எண், அதோடு கட்டிய யூனிட் டெஸ்ட், சரிபார்ப்பு அறிக்கை, ஒவ்வொன்றிலும் கையெழுத்து. கூடவே, 20 விநாடியில் நோயாளி அசைந்தாலே பொய் அலாரம் அடிக்குமா, அடித்தால் நர்ஸ் அதை அணைத்துப் பழகிவிடுவாரா என்று ஒரு விவாதம். இதுதான் வி-மாடல் படத்தின் வலது கை, சோதனைப் பக்கம். சலிப்பாக இருக்கும். தெராக்-25 கதிர்வீச்சுக் கருவியில் 1985 முதல் 1987 வரை ஆறு பேருக்கு அளவு மீறிய கதிர்வீச்சு போனது. முந்தைய மாடல்களில் ஹார்டுவேர் தடுப்பு இருந்தது. இதில் அதை எடுத்துவிட்டு மென்பொருளை நம்பினார்கள். அதைப் படித்த பிறகு கையெழுத்துகள் எனக்குச் சலிப்பதில்லை.

உள்ளே நாங்களும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடவைத்துப் பார்க்கிறோம். வெளியே போகும் பதிப்புக்கு மட்டும் முழுக் காகிதம்.

பழைய_மெயின்ஃப்ரேம்:

உங்களுக்கு முன்னோடி நாசாவின் விண்வெளி ஓடம் (ஸ்பேஸ் ஷட்டில்). அதன் முதன்மைப் பறப்பு மென்பொருளை ஐ.பி.எம் குழு 1977-லிருந்து 1980 வரை 31 மாதத்தில் 17 சுற்றுகளாகச் செய்தது. சராசரியாக ஒரு சுற்றுக்கு எட்டு வாரம். கெடுபிடியான ப்ராஜெக்ட் என்றால் வாட்டர்ஃபாலாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு இதைக் காட்டுவேன். ஓடத்தின் தேவைகள் அந்தச் சமயத்திலும் மாறிக்கொண்டே இருந்ததால் வேறு வழியில்லை. அதே குழு பின்னால் கிட்டத்தட்ட பிழையே இல்லாத கோடுக்குப் பெயர் பெற்றது. கெடுபிடியும் சுற்றுச் சுற்றாகச் செய்வதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

மூன்றாமாண்டு_ஐடி:

அருமை. ஆனால் ஆஸ்பத்திரி இன்னும் பாக்கி இருக்கிறது. "எது மாறும், ஒன்று சொல்" என்றால் என்ன சொல்வது?

செமிகோலன்:

பில்லிங்கில் சில வருடம் உழைத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

மாறியதற்கு உதாரணம் அறை வாடகை. 2022 ஜூலை 18 முதல், ஐ.சி.யு அல்லாத அறைக்கு நாள் வாடகை 5000 ரூபாயைத் தாண்டினால் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. அதுவரை உள்நோயாளி பில்லில் அறைக்கு வரி கிடையாது. 2021-ல் எவ்வளவு பெரிய நிபுணர் எஸ்.ஆர்.எஸ் எழுதியிருந்தாலும் இது அதில் இருந்திருக்காது. வரியைக் கோடில் புதைத்தவர்கள் அந்த வாரம் தூங்கியிருக்க மாட்டார்கள். தேதியோடு ஒரு அட்டவணையில் வைத்தவர்கள் ஒரு வரி சேர்த்திருப்பார்கள். அது மாடல் செய்கிற வேலை இல்லை, டிசைன்.

மாறாததற்கு உதாரணம் பில் எண். ஜி.எஸ்.டி விதிப்படி தொடர் எண், 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது, ஒரு நிதியாண்டில் ஒரே எண் இரண்டு தடவை வரக்கூடாது. இதை மூன்றாவது ஸ்பிரின்டில் கண்டுபிடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஆடிட்டரோடு முதல் வாரமே உட்கார்ந்து எழுதி, கையெழுத்து வாங்கிப் பூட்டிவிட வேண்டும். சுத்தமான வாட்டர்ஃபால்.

நடுவில் ஒரு ரகம் உண்டு. யாரும் மாற்றுவதில்லை, ஆனால் யாருக்கும் முழுதாகச் சொல்லவும் தெரியாது. டிஸ்சார்ஜ் அன்றைக்கு நடப்பது அதுதான். முன்பணம் மூன்று தவணையாக வந்திருக்கும், ஒன்று மாமனார் பெயரில். பார்மசியில் திருப்பிக் கொடுத்த மருந்து வரவு வைக்கப்படவில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பேக்கேஜ் தொகைக்குள் வருவதை நோயாளியிடம் தனியாகக் கேட்கக்கூடாது. இதைக் கூட்டம் போட்டுக் கேட்டால் "முன்பணத்தைக் கழித்து பாக்கி வாங்குவோம்" என்று ஒரே வரியில் சொல்வார்கள். கவுன்டருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சின்னதாக ஒன்று கட்டிக் கொடுத்து, "இது ஏன் இங்கே வரவில்லை" என்று அவர்கள் திட்டும்போதுதான் தெரியும்.

ஆக அந்த இன்டர்வியூவில் ஒரே பெயர் சொல்ல வேண்டியதில்லை. மூன்று ரகத்துக்கும் ஒவ்வொரு உதாரணம் சொன்னால் போதும். நான் முதலில் பார்மசி கவுன்டர், அடுத்து வெளிநோயாளி, கடைசியில் உள்நோயாளி என்று போவேன்.

தூங்கா_சர்வர்:

வரிசையில் உடன்பாடில்லை அக்கா. ஸ்பைரல் மாடலைச் சொன்ன பேரி போம், 1988 கட்டுரையில் அழுத்திச் சொல்வது, ஒவ்வொரு சுற்றிலும் பெரிய அபாயம் எதுவோ அதை முதலில் எடு என்றுதான். உங்கள் கணக்கிலேயே அபாயம் உள்நோயாளி டிஸ்சார்ஜில் இருக்கிறது. அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, பார்மசியில் ஆறு மாதம் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருப்பதில் என்ன பயன்?

செமிகோலன்:

கட்டுவது வேறு, இயக்கத்துக்கு விடுவது வேறு. டிஸ்சார்ஜ் கணக்கை முதல் மாதமே கட்டி, பழைய பில்களை அதில் ஓட்டித் தொகை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். கவுன்டரில் வைப்பதுதான் கடைசியில். பார்மசியில் தப்பு நடந்தால் ஒரு பில்லைத் திருத்தலாம். டிஸ்சார்ஜில் நடந்தால் வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கும், சொந்தக்காரர்கள் நிற்பார்கள்.

மூன்றாம்_ஷிஃப்ட்:

மாற்றும் தேதி? மார்ச் 31 இரவு மாற்றினால் ஏப்ரல் 1-ல் புது எண் வரிசை தொடங்கும், சுத்தமாக இருக்கும் என்று எல்லா கிளையன்டும் ஆசைப்படுவார்கள்.

செமிகோலன்:

ஆசைப்படுவார்கள், ஆனால் அன்றைக்கு அக்கவுன்ட்ஸில் ஒருவர்கூட நம் போனை எடுக்க மாட்டார். விதி ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளை அனுமதிக்கிறது. அதனால் வேறு முன்னெழுத்தோடு ஒரு புது வரிசையை ஏப்ரல் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை தொடங்கிவிடலாம். ஏற்கெனவே படுக்கையில் இருப்பவர்களின் பில்லைப் பழைய சிஸ்டத்திலேயே முடிக்க வேண்டும், புதிதாக அட்மிட் ஆகிறவர்கள் மட்டும் புதியதில். பத்துப் பதினைந்து நாளில் பழையதில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள் மிஞ்சுவார்கள், அவர்களைக் கையால் மாற்றிவிடலாம். இரண்டு சிஸ்டத்தின் வசூலையும் தினமும் இரவு கூட்டிக் கேஷியரிடம் ஒப்பிட ஒரு ஆளை இப்போதே பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், ஒப்பந்தத்திலேயே எழுதி.